பாட்ஸ் நோய்க்கு இறுக்கக் காலுறையா, வயிற்றுப் பெல்ட்டா? ஒரு பயன்பாட்டு மதிப்புரை

எழுந்து நின்றாலே நெஞ்சு படபடத்து, கண் இருண்டு, கால் வெலவெலத்துப் போகிற பாட்ஸ் (POTS) என்ற நோய் உறுதியானவர்களுக்கு, மாத்திரைகளோடு சேர்த்து நான்கு பொருள்களையும் மருத்துவர்கள் பரிந்துரைப்பது உண்டு. கால்களை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, வயிற்றுப் பெல்ட், வீட்டில் வைத்துக்கொள்ளும் பி.பி. மெஷின், ஓ.ஆர்.எஸ். பொடி என்பவையே அந்த நான்கு. எந்த வகையை வாங்குவது, எந்த அளவில் வாங்குவது, எப்போது அணிவது, எப்போது கழற்றுவது என்பதையெல்லாம் நெரிசலான புறநோயாளிப் பிரிவில் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பலருக்கும் வாய்ப்பதில்லை. நான் திருநெல்வேலியில் கல்லூரி ஆசிரியையாக இருக்கிறேன். நின்றுகொண்டு பேசுவதுதான் என் தொழில். இந்த நான்கையும் அன்றாடம் பயன்படுத்துகிறவள் என்ற முறையில், வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடலில் அணியும் பொருள்களில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் வயிற்றுப் பெல்ட்டை வாங்க வேண்டும். கடைகளில் முதலில் எடுத்துக் காட்டப்படும் முழங்கால் உயரக் காலுறை இந்த நோய்க்குப் பெரும்பாலும் போதாது.

இதற்கான காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், செரிமானம், வியர்வை, சிறுநீர்ப்பையின் இயக்கம் என்று நாம் நினைக்காமலே நடக்கும் வேலைகளைத் தன்னியக்க நரம்பு மண்டலம் கவனித்துக்கொள்கிறது. அந்த மண்டலம் சீர்கெடும் நிலைகள் அனைத்துக்கும் பொதுப்பெயர் டிஸ்ஆட்டோனோமியா. நீண்டகாலச் சர்க்கரை நோயால் வருவது, பார்க்கின்சன் நோயோடு சேர்ந்து வருவது, அடிக்கடி மயங்கி விழச் செய்வது, மரபணுக் குறையால் பிறவியிலேயே அமைவது என்று அதில் பல வகை உண்டு. பாட்ஸ் அவற்றுள் ஒன்று. படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது சுமார் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரையிலான ரத்தம் புவியீர்ப்பால் நெஞ்சுப் பகுதியிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை உடனே கண்டுகொள்ள, நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தைச் சற்று வேகப்படுத்தி, மூளைக்குச் செல்லும் ரத்தம் குறையாமல் காக்கின்றன. சில நொடிகளில் முடிந்துவிடும் இந்த வேலையை உடல்நலமுள்ளவர்கள் உணர்வதே இல்லை. பாட்ஸ் உள்ளவர்களில் பலருக்குக் குழாய்கள் போதிய அளவு சுருங்குவதில்லை. பலருக்கு உடலிலுள்ள ரத்தத்தின் மொத்த அளவே குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இதயம் அப்படி ஓடுகிறது.

நின்ற 10 நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, கூடியபடியே நீடித்து, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலிருந்து, இந்தத் தொல்லைகள் மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது பாட்ஸாக இருக்கலாம். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த உயர்வு 40 இருக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, நீர்வறட்சி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதையும் மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். இன்று வழங்கும் பெயரும் வரையறையும் 1993இல் மேயோ கிளினிக் மருத்துவர்களின் ஆய்வுக் கட்டுரை வழியாக நிலைபெற்றன. ஆனால் இதைப் போன்ற தொல்லைகளை அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களிடம் கண்டு ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871லேயே எழுதியிருக்கிறார். போர்வீரர்களுக்கு வந்தபோது அது இதய நோய் என்று எண்ணப்பட்டது. இன்று நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2019இல் வெளிவந்த, 4,835 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வில் 94 சதவீதத்தினர் பெண்களாக இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ‘டென்ஷன்’, ‘சத்து இல்லை’, ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்பதாகவே இருக்கிறது. இந்தப் பதில்களைக் கேட்டுக் கேட்டுத் தன் உடலையே நம்பாமல் போன மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். வாங்கும் பொருள்களைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு அவர்களும் ஒரு காரணம்.

இனிக் காலுறைக்கு வருவோம். சர்ஜிக்கல் கடையில் போய்க் கேட்டதும் வரும் முதல் கேள்வி, ‘யாருக்கும்மா, வெரிகோஸுக்கா?’ என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே சிக்கல் அடங்கியிருக்கிறது. கடைகளில் இருக்கும் காலுறைகள் பெரும்பாலும் கால் சிரைகள் புடைத்துக்கொள்ளும் வெரிகோஸ் தொல்லைக்காகச் செய்யப்பட்டவை. அவை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இறுக்கும்படி பின்னப்பட்டிருக்கும். கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ள அது சரியான அமைப்பு. பாட்ஸ் நோயாளிக்கு ரத்தம் தேங்குவது அங்கே மட்டும் இல்லை. குடல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றைச் சூழ்ந்த ரத்தக் குழாய்கள் உடலின் மொத்த ரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தாங்கக்கூடியவை. நிற்கும்போது அவை சுருங்காவிட்டால் தேக்கத்தின் பெரும் பகுதி வயிற்றிலேயே நிகழ்கிறது. முழங்காலோடு நின்றுவிடும் காலுறை அதைத் தொடுவதே இல்லை.

பெட்டியின் மேல் ‘கிளாஸ் 1’, ‘கிளாஸ் 2’ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஜெர்மானியத் தரத்தில் முதல் வகுப்பு 18 முதல் 21 வரையும், இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 வரையும் மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கொண்டவை. அமெரிக்க வழக்கத்தில் 20–30, 30–40 என்று பிரிக்கிறார்கள். ஆகவே வகுப்பின் எண்ணை விட்டுவிட்டு, அச்சிட்டிருக்கும் அழுத்த அளவைப் பார்க்க வேண்டும். பாட்ஸ் நோயாளிகளுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது 30–40 அளவில், இடுப்பு வரை வரும் காலுறை. அழுத்த அளவே அச்சிடப்படாத காலுறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தகுந்ததன்று.

நான் மூன்று உயரங்களிலும் அணிந்து பார்த்திருக்கிறேன். முழங்கால் உயரக் காலுறையால் மாலையில் கால் கனப்பது குறைந்தது, படபடப்பு குறையவில்லை. தொடை வரை வருவதில் மேல்விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் சிலிகான் பட்டை இருக்கும். வியர்வையில் அது வழுக்கி இறங்கும், இறங்காத நாளில் அந்த இடம் சிவந்து அரிக்கும். இடுப்பு வரை வருவது உண்மையாகவே உதவுகிறது. ஆனால் அதை அணிவதற்கே ஒரு பலம் வேண்டும். காலுறையைக் குதிகால் வரை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, பாதத்தை நுழைத்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை அணிந்த கைகளால் துணியைச் சிறிது சிறிதாக மேலே நீவிவிட வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் கிழியும்; சுருக்கம் விழுந்த இடத்தில் கயிறு கட்டியது போல இறுகிவிடும். இதைப் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும் என்பது விதி, ஏனென்றால் நின்ற பிறகு ரத்தம் இறங்கிவிடுகிறது. கை மூட்டுகள் தளர்ந்தவர்களுக்கு, குறிப்பாகப் பாட்ஸோடு சேர்ந்து காணப்படும் ஏலர்ஸ்-டேன்லாஸ் என்ற இணைப்புத் திசுக் கோளாறு உள்ளவர்களுக்கு, இன்னொருவர் துணையில்லாமல் இது முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் அதை அணிந்துகொண்டு பேருந்துக்குக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்பதை நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெப்பத்தில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் இந்த நோய் கூடும். கூடுகிற அதே நேரத்தில்தான் காலுறையை அணியவும் முடியாமல் போகிறது. இன்னொன்றையும் வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டும்: இடுப்பு வரை வரும் பல காலுறைகளில் வயிற்றுப் பகுதி வெறும் மெல்லிய வலைத்துணிதான். விலை சில ஆயிரங்கள் ஆகும் பொருளில், தேக்கம் மிகுந்த இடத்துக்கு அழுத்தமே இல்லை.

கனடாவின் கேல்கரி பல்கலைக்கழகத்தில் பாட்ஸ் நோயாளிகள் 30 பேரை வைத்து நடத்தி, 2021இல் வெளியிட்ட ஆய்வு, எங்கே இறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு நேரான விடை தருகிறது. கால் மட்டும், வயிறும் தொடையும், வயிறும் கால் முழுவதும் என்று அழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, சாய்வுப் படுக்கையில் நிமிர்த்தி நாடியை அளந்தார்கள். வயிற்றையும் கால் முழுவதையும் சேர்த்து இறுக்கியபோது படபடப்பு அதிகமாகக் குறைந்தது. அதற்கு அடுத்தபடி வந்தது வயிறும் தொடையும். கால் மட்டும் என்பது கடைசியில் நின்றது. ரத்த அழுத்தம் விழும் வேறு வகை நோயாளிகளுக்கு, நிற்கும்போது தானாக ஊதிக்கொள்ளும் ஒரு வயிற்றுப் பெல்ட்டை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் சோதித்து, அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மிடோட்ரின் மாத்திரைக்கு ஈடாக வேலை செய்வதாக 2016இல் எழுதினார்கள். ஒரு பெல்ட் மாத்திரைக்கு ஈடாகிறது என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாகவும், இவ்வளவு எளிய ஒன்றை எத்தனை பேர் அறியாமல் இருக்கிறார்கள் என்று வருத்தமாகவும் இருந்தது.

அந்த ஊதும் பெல்ட் நம் கடைகளில் இல்லை. இருப்பது, நம் ஊரில் ‘டெலிவரி பெல்ட்’ என்று எல்லாரும் அறிந்த பொருள்: பிரசவத்துக்குப் பிறகோ வயிற்று அறுவைக்குப் பிறகோ கட்டிக்கொள்ளும், மூன்று அல்லது நான்கு அகலப் பட்டைகளை ஒன்றாகத் தைத்து வெல்க்ரோ வைத்த நெகிழ்துணிப் பெல்ட். டைனார், ஃபிளமிங்கோ போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. சில நூறு ரூபாயில் கிடைக்கும். கடையில் கேட்கும்போது ‘அப்டாமினல் பெல்ட்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வெறுமனே ‘இடுப்புக்குப் பெல்ட்’ என்றால் முதுகுவலிக்கான எல்.எஸ். பெல்ட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் முதுகைத் தாங்கத் தகடுகள் இருக்கும். வயிற்றைச் சீராக அழுத்தாது, குனியவும் விடாது. அளவுக்குத் தொப்புளைச் சுற்றி நாடா வைத்துப் பார்க்க வேண்டும். சேலைப் பாவாடையின் இடுப்பளவைச் சொன்னால் சரியாக வராது. உயரமும் முக்கியம். குள்ளமானவர்கள் நான்கு பட்டைப் பெல்ட்டை அணிந்தால் உட்காரும்போது மேல்விளிம்பு விலா எலும்பில் குத்தும். அவர்களுக்கு மூன்று பட்டையே நல்லது.

அணியும் முறையில்தான் இதன் பயன் இருக்கிறது. பெல்ட்டின் கீழ்விளிம்பு இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், மேல்விளிம்பு விலாவுக்குக் கீழே நிற்க வேண்டும். அடிவயிற்றில் இறுக்கமும் மேல்வயிற்றில் அதைவிடச் சற்றுத் தளர்வுமாக வெல்க்ரோவை ஒட்ட வேண்டும். தலைகீழாக இறுக்கினால் மூச்சு முட்டுவதோடு ரத்தமும் கீழேயே தங்கும். இறுக்கத்தை அளக்க வீட்டில் கருவி கிடையாது. நான் பின்பற்றும் அடையாளங்கள் இரண்டு: விளிம்புக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், ஒரு நீண்ட வாக்கியத்தை நிறுத்தாமல் பேசி முடிக்க முடிய வேண்டும். மெல்லிய பருத்திப் பனியன் ஒன்றின் மேல் கட்டினால் வேர்க்குரு வராது. சேலை அணிகிறவர்கள் பாவாடைக்கு உள்ளே கட்டிக்கொண்டால் வெளியே தெரிவதில்லை. சுடிதாரில் பக்கவாட்டில் சற்றுப் புடைப்பாகத் தெரியும். எனக்கு அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

காலுறையைவிட இதை நான் உயர்வாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை வேண்டும்போது கட்டி, வேண்டாதபோது கழற்றலாம். வகுப்புக்குள் நுழையும் முன் ஓய்வறையில் இறுக்கிக்கொள்கிறேன். வகுப்பு முடிந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு பட்டையைத் தளர்த்திவிடுகிறேன். அந்தப் பட்டையைப் பிரிக்கும்போது வரும் ‘சர்ர்’ என்ற ஓசை சக ஆசிரியைகளுக்குப் பழகிவிட்டது. நாள் முழுவதும் இறுக்கி வைத்திருப்பதில் பயனும் இல்லை. ஆய்வுகள் சொல்வதும் நிற்கும் நேரத்துக்கான அழுத்தத்தைத்தான். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைக் கட்டக் கூடாது. சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஒரே வேளையில் நிறையச் சோறு உண்டால் ரத்தம் குடலை நோக்கிப் போய் மயக்கம் கூடும் என்பதால், பகல் உணவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பெல்ட் கட்டுவது எனக்கு ஒத்துவருகிறது.

என் பெரியப்பாவும் இதே பெல்ட்டைக் கட்டுகிறார். அவருடையது வேறு நோய் என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக இருந்த சர்க்கரை நோய் அவருடைய தன்னியக்க நரம்புகளைப் பாதித்துவிட்டது. எழுந்து நின்றால் நாடி பெரிதாகக் கூடுவதில்லை, ரத்த அழுத்தம் நேராகக் கீழே விழுகிறது. மேல் அளவு குறைந்தது 20 அல்லது கீழ் அளவு குறைந்தது 10 இறங்கினால் அதை நிலைமாற்ற ரத்த அழுத்தக் குறைவு என்கிறார்கள். இந்த நோயாளிகள் பலருக்குப் படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி ஏறுவதும் உண்டு. ஆகவே பெரியப்பா படுக்கும் முன் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். மிடோட்ரின் போன்ற மாத்திரையைப் படுக்கும் நேரத்தை ஒட்டிச் சாப்பிடக் கூடாது. தலைப்பக்கக் கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். எனக்குக் கூட்டிக்கொள்ளச் சொன்ன உப்பு அவருக்கு ஆகாது. ‘உனக்கு ஊறுகாயை அள்ளி வைக்கச் சொல்றாங்க, எனக்குப் பத்தியச் சாப்பாடு, ஒரே பெல்ட்டு, ரெண்டு வைத்தியமா தாயி?’ என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். வீட்டில் ஒருவருக்கு நன்றாக இருந்தது என்று இன்னொருவர் தாமாகத் தொடங்கிவிடக் கூடாது.

அந்த வேறுபாட்டை வீட்டிலேயே கண்டுகொள்ள உதவுவது பி.பி. மெஷின். கையின் மேற்பகுதியில் சுற்றும் வகையைத்தான் வாங்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் வகை, கையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறோம் என்பதற்கேற்ப அளவை மாற்றிக் காட்டும். நின்றபடி அளக்கும் நமக்கு அது பெரிய குறை. நிற்கும்போது மேற்கையில் கட்டினாலும், முன்கையை ஓர் அலமாரித் தட்டின் மேல் நெஞ்சு உயரத்தில் தாங்கலாக வைத்துக்கொள்ள வேண்டும். தானாக மூன்று முறை எடுத்துச் சராசரி காட்டும் வசதியை விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வார்கள். அது மற்ற நோயாளிகளுக்கு நல்லதாக இருக்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் அளவைப் பிடிக்க வேண்டிய நமக்கு அந்தச் சராசரி உண்மையை மறைத்துவிடும். ஆகவே அந்த வசதியை நிறுத்திவைக்க முடிகிற மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். கைப்பட்டையின் அளவும் சரியாக இருக்க வேண்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை போட்டால் அளவு குறைவாகக் காட்டும்.

சோதனை எளியது. அமைதியாக 5 முதல் 10 நிமிடங்கள் படுத்திருந்து ரத்த அழுத்தமும் நாடியும் குறித்துக்கொண்டு, எழுந்து அசையாமல் நின்று, 1, 3, 5, 10ஆம் நிமிடங்களில் மீண்டும் குறிக்க வேண்டும். பேசக் கூடாது, கால் மாற்றி நிற்கக் கூடாது. கட்டாயம் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், கண் இருண்டால் அந்த நொடியே படுத்துவிட வேண்டும். வெவ்வேறு நாள்களின் காலை அளவுகளை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தால், மருத்துவர் அதைப் படித்துவிட்டுக் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும். படுத்திருக்கையில் 72, நின்ற பத்தாம் நிமிடத்தில் 118 என்று எழுதியிருக்கும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ‘மனசை லேசா வச்சுக்கோம்மா’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது கடினம். இந்த ஒரு காரணத்துக்காகவே, நோய் இன்னும் உறுதியாகாதவர்கள் முதலில் வாங்க வேண்டியது இந்தக் கருவி என்பேன்; பெல்ட் அதற்கு அடுத்தது.

ஓ.ஆர்.எஸ். பொடியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஏமாறும் இடமும் அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் இருக்கும். குளுக்கோஸ் இருப்பது சுவைக்காக இல்லை. குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன, அவற்றோடு தண்ணீரும் போகிறது. 1971இல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இந்த முறையால்தான் எண்ணற்ற உயிர்களைக் காத்தார். பாட்ஸ் உள்ள இளையோருக்கு இந்தக் கரைசலை ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்தது, ரத்தக் குழாய் வழியே சலைன் ஏற்றியதற்கு இணையாக நிற்கும் திறனைக் கூட்டியதாக நியூயார்க் மருத்துவர்கள் 2019இல் தெரிவித்தார்கள். அடிக்கடி டிரிப்ஸ் போட்டுக்கொள்ள ஓடுகிறவர்கள் இதைத் தங்கள் மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம்.

ஆனால் கடையில் வண்ணப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்களில் பல, இந்தக் கலவையைவிடப் பல மடங்கு சர்க்கரையும் மிகக் குறைந்த உப்பும் கொண்டவை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கை இவை மோசமாக்குகின்றன என்று ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பின்னணியில், கலவை பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. நாம் செய்ய வேண்டியது, பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பி மேலே சொன்ன நான்கு எண்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான். எலக்ட்ரால் போன்ற, நெடுங்காலமாக விற்கப்படும் பொடிப் பொட்டலங்களில் அவை இருக்கின்றன. ஒரு லிட்டருக்கான பொட்டலம் முழுவதையும் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலத்தைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் போட்டால் கலவை கெட்டுவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியமும், சர்க்கரை நோயாளிகளுக்குக் குளுக்கோஸும் கணக்கில் வர வேண்டியவை.

அமெரிக்க இதயத் துடிப்பு மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வல்லுநர் கருத்து, பாட்ஸ் நோயாளிகள் நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீரும் 10 முதல் 12 கிராம் உப்பும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. மற்ற எல்லாருக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்கும் கீழே. இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே, நோய் உறுதியாகாமல் உப்பைக் கூட்டுவது எவ்வளவு தவறு என்பது விளங்கும். உறுதியானவர்களுக்கு நம் சமையலறை நன்றாகவே கைகொடுக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய் என்று பொட்டலம் இல்லாமலே பெரும் பகுதியை எடுத்துவிடலாம். தினமும் ஓ.ஆர்.எஸ். குடித்துச் சலித்துப்போகிறவர்கள் காலையில் எழும் முன் ஒரு முறை அதைக் குடித்துவிட்டு, மற்ற வேளைகளுக்கு மோரை நம்பலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

குளியலறையில் ஒரு முக்காலி, வெந்நீரைக் குறைத்துக்கொள்வது, படுத்தோ உட்கார்ந்தோ செய்யும் உடற்பயிற்சி ஆகியவையும் பட்டியலில் வரும். கடைசியாகச் சொன்னதற்குச் சாய்ந்து மிதிக்கும் சைக்கிள் விற்கிறார்கள். அருகில் நீச்சல்குளமும் பயிற்சி தர ஒருவரும் இருந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். நீரின் அழுத்தமே உடலைச் சுற்றி ஒரு காலுறையாக அமைகிறது.

பெல்ட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெல்க்ரோவில் நூலும் முடியும் சிக்கிக்கொண்டே இருக்கும். பழைய பல்துலக்கியால் அவ்வப்போது வாரி எடுக்காவிட்டால் பிடி தளர்ந்து வகுப்பின் நடுவில் அவிழும். நெகிழ்துணி வியர்வையை உறிஞ்சி நாறும் என்பதால் மாற்றுக்கு இரண்டு தேவை. கையால் சவுக்காரம் போட்டு அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வாஷிங் மெஷினும் வெயிலும் நெகிழ்வைச் சீக்கிரம் கொன்றுவிடும். காலுறைக்கும் இதே விதிதான், அதன் இறுக்கம் சுமார் ஆறு மாதங்களில் தளர்ந்துவிடும் என்று அதன் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பெல்ட்டைக் கட்டி, வெல்க்ரோ முழு அகலத்துக்கும் ஒட்டிய பிறகும் விளிம்புக்குள் நான்கு விரல் தாராளமாக நுழைந்தால் அது பழையதாகிவிட்டது. அடுத்ததற்கு ஓர் அளவு சிறியதைக் கேட்காமல், தொப்புளைச் சுற்றி மீண்டும் அளந்து, அதே அளவில் புதியதை வாங்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும்.